சமாதானத்தையும் படிக்கலாம்

(முரண்பாட்டுத் தீர்வுத் துறையில் பட்டப்பின் புலமைப்பரிசில் ஒன்றுக்கு ஆயத்தமாவது எப்படி?)

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் நமது ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "மகள் இனி என்ன படிக்கப் போறா?" மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கியல் என்று விடைகள் வரும். கலைப்பிரிவு மாணவி என்றால், "பட்டத்தை முடிச்சிட்டு டீச்சிங்குக்குப் போவா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆசிரியத் தொழில் உயர்ந்தது. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அரசியல் விஞ்ஞானம், வரலாறு, புவியியல், அளவையியல், ஊடகக் கற்கை என்பவற்றைப் படித்த பிள்ளைக்கு வேறு கதவுகளும் உண்டு. அவற்றில் ஒன்றுதான் சமாதானமும் முரண்பாட்டுத் தீர்வும் என்ற கற்கைநெறி. அதற்கு முழுச் செலவையும் ஏற்கும் சர்வதேசப் புலமைப்பரிசில்களும் இருக்கின்றன.

இக்கட்டுரை அந்தத் துறை எத்தகையது, அதற்கான புலமைப்பரிசில் ஒன்றுக்கு விண்ணப்பிப்பவர் என்ன தகுதி பெற்றிருக்க வேண்டும், இன்று 12 ஆம், 13 ஆம் தரங்களில் இருக்கும் மாணவி எதை இப்போதே தொடங்கலாம் என்பவற்றை ஒழுங்காக விளக்க முயல்கிறது. இறுதிப் பகுதி பெற்றோருக்கு உரியது.

1. இது என்ன படிப்பு?

சமாதானம் என்றதும் வெள்ளைப் புறாவும் சுவரொட்டிப் போட்டியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். பல்கலைக்கழகங்களில் அது ஆய்வுத் துறையாகவே வளர்ந்துள்ளது. 1959 இல் நோர்வேயின் ஒஸ்லோ நகரில் சமாதான ஆய்வு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் முன்னோடியான ஜொஹான் கல்துங், சமாதானத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்திருப்பது மட்டும் 'எதிர்மறைச் சமாதானம்'. அநீதியும் பாகுபாடும் குறைந்து, மனிதர் ஒருவரோடு ஒருவர் நம்பிக்கையோடு வாழும் நிலை 'நேர்மறைச் சமாதானம்'. 2009 மே மாதத்தில் நமது நாட்டில் யுத்தம் முடிந்தது. முதலாவது வகைச் சமாதானம் அன்று கிடைத்தது. இரண்டாவது வகை எந்த அளவுக்குக் கிடைத்திருக்கிறது என்பது இன்றும் ஆராயப்பட வேண்டிய கேள்வி.

1971 இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்திலும், 1973 இல் இங்கிலாந்தின் பிரட்போர்ட் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் தனித் துறைகள் உருவாகின. உப்சாலாவில் உலகின் ஆயுத மோதல்களை ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். குறைந்தது ஒரு தரப்பாவது அரசாக இருந்து, ஓர் ஆண்டில் 25 பேராவது மோதலில் கொல்லப்பட்டால் அது அவர்களது பட்டியலில் ஏறும். இப்படி எண்ணுவதால்தான் எந்த வகையான பிணக்கு எவ்வளவு காலம் நீடிக்கிறது, எந்த வகையான உடன்படிக்கை நிலைக்கிறது என்பவற்றை ஊகத்தால் அன்றித் தரவுகளால் பேச முடிகிறது.

இத்துறையின் அடிப்படைப் பாடம் ஒன்றை எளிய உதாரணத்தால் விளங்கலாம். மேரி பார்க்கர் ஃபொலெட் என்ற அமெரிக்கப் பெண் அறிஞர் ஒரு நூலக அனுபவத்தை எழுதியிருக்கிறார். ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அவருக்கோ மூடியிருக்க வேண்டும். பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். காற்று கேட்டவருக்குக் காற்று கிடைத்தது. நேரே வீசும் குளிரை விரும்பாத ஃபொலெட்டும் நிம்மதியாக இருந்தார். 'திற', 'மூடு' என்பவை நிலைப்பாடுகள். 'எனக்குக் காற்று வேண்டும்', 'என் மீது குளிர் வீசக் கூடாது' என்பவை தேவைகள். நிலைப்பாடுகள் மோதும் இடத்தில் தேவைகள் மோதாமல் இருக்கலாம். அந்தத் தேவையைத் தோண்டி எடுக்கும் பயிற்சியே முரண்பாட்டுத் தீர்வின் முதற் படி.

இது நமக்குப் புதிய சிந்தனையும் அல்ல. ஹிஜ்ரி 6 ஆம் ஆண்டின் (கி.பி. 628) ஹுதைபிய்யா உடன்படிக்கையை நாம் அனைவரும் இஸ்லாம் பாடத்தில் கற்றிருக்கிறோம். உடன்படிக்கையில் 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல் இடம்பெறக் கூடாது என்று குறைஷியர் தரப்பின் பிரதிநிதி மறுத்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதை நீக்கி 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத்' என்று எழுதச் சம்மதித்தார்கள். சொல்லை விட்டுக் கொடுத்தார்கள். பத்து ஆண்டு யுத்த நிறுத்தத்தைப் பெற்றுக் கொண்டார்கள். தோழர்கள் மனம் உடைந்து குர்பானி கொடுக்கத் தயங்கி நின்ற வேளையில், "யாரிடமும் பேசாமல் நீங்கள் முதலில் செய்யுங்கள்" என்ற கருத்தில் ஆலோசனை சொன்னவர் அன்னை உம்மு ஸலமா (ரழி) அவர்கள். நபியவர்கள் அவ்வாறே செய்தார்கள், தோழர்களும் பின்பற்றினார்கள். இறுகிப் போன ஒரு நிலைமையை ஒரு பெண்ணின் கூர்மையான ஆலோசனை இளக்கிய வரலாறு இது.

2. மாத்தளை மாணவிக்கு இதில் என்ன இருக்கிறது?

நமது மாவட்டம் வரலாற்றில் அமைதியான மூலை அல்ல. 1848 இல் புதிய வரிகளுக்கு எதிரான கிளர்ச்சி இங்குதான் வெடித்தது. அவ்வாண்டு ஜூலையில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார். 1915 இல் கண்டியில் தொடங்கிய கலவரம் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கிக்கொண்டு பல மாவட்டங்களுக்குப் பரவியது. 2012 ஏப்ரல் 20 ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை, தம்புள்ளைப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது புனித பூமி எல்லைக்குள் சட்டவிரோதமாக அமைந்துள்ளது என்பது எதிர்த்தவர்களின் வாதம். பல தசாப்தங்களாகத் தொழுகை நடந்து வரும் இடம் என்பது முஸ்லிம்களின் பதில்.

2018 மார்ச்சில் அயல் மாவட்டமான கண்டியில், திகன பகுதியில் நடந்தவை நம் எல்லோர் நெஞ்சிலும் இருக்கின்றன. பெப்ரவரி 22 இல் வீதித் தகராறு ஒன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் முஸ்லிம் இளைஞர்களால் தாக்கப்பட்டார். மார்ச் ஆரம்பத்தில் அவர் வைத்தியசாலையில் உயிரிழந்தார். அதன் பின்னரே கலவரம் மூண்டது. மார்ச் 6 இல் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. சமூக ஊடகங்களும் சில நாட்கள் தடுக்கப்பட்டன.

செய்தி வாசிப்பவர் இதில் குற்றவாளியைத் தேடுவார். அது சட்டத்தின் வேலை, அவசியமான வேலை. சமாதானக் கற்கை மாணவி வேறு சில கேள்விகளையும் கேட்பாள். தாக்குதலுக்கும் மரணத்துக்கும் இடையில் ஒரு வாரத்துக்கும் மேற்பட்ட காலம் இருந்ததே, அந்த நாட்களில் யார் யாரைச் சந்தித்தார்கள்? பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் விகாரைக்கும் இடையில் ஏற்கெனவே ஒரு தொடர்பு இருந்ததா? வதந்தி எந்த மொழியில், எந்த வழியில் பயணித்தது? அதே பிரதேசத்தில் எரியாமல் தப்பிய வீதிகள் எவை, அங்கே என்ன வித்தியாசம்? இக்கேள்விகளுக்கு முறையாக விடை தேடினால்தான் அடுத்த முறை தடுக்க வழி பிறக்கும்.

கலவரம் மட்டுமே முரண்பாடு அல்ல. மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்காக ஊர் பெயர்ந்த குடும்பங்கள், யானைக்கும் விவசாயிக்கும் இடையிலான போராட்டம், தோட்டத் தொழிலாளரின் காணி உரிமை, தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மூவின வியாபாரிகளிடையே நிலவும் நம்பிக்கையும் சந்தேகமும் என ஆய்வுக்குரிய விடயங்கள் நம் வாசலிலேயே கிடக்கின்றன. ஆகவே விஞ்ஞானப் பிரிவு மாணவிக்கும் இங்கே இடமுண்டு. நீரையும் காட்டையும் பற்றிய பிணக்குகளைச் சூழலியல் தெரியாமல் தீர்க்க முடியாது.

3. ரோட்டரி சமாதானப் புலமைப்பரிசில்

இத்துறைக்கென்றே வழங்கப்படும் புலமைப்பரிசில்களில் உலகெங்கும் அறியப்பட்டது ரோட்டரி மன்றத்தின் சமாதானப் புலமைப்பரிசில். 1905 இல் சிக்காகோவில் பிறந்த ரோட்டரி இயக்கம் 1929 இல் கொழும்புக்கு வந்தது. இன்று இலங்கைக் கழகங்கள் அதன் 3220 ஆம் மாவட்டத்துக்குள் அடங்குகின்றன. இத்திட்டத்தின் முதல் அணி 2002 இல் படிப்பைத் தொடங்கியது.

இதில் இரண்டு வகைகள் உண்டு.

முதலாவது, முதுமாணிப் பட்டம். சுமார் 15 முதல் 24 மாதங்கள். சுவீடனின் உப்சாலா, இங்கிலாந்தின் பிரட்போர்ட், அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து, ஜப்பானின் சர்வதேச கிறிஸ்தவப் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் டியூக் மற்றும் வட கரோலினா பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றில் இதற்கான நிலையங்கள் இயங்கி வந்துள்ளன. ஆண்டுக்கு ஏறத்தாழ 50 பேர் உலகம் முழுவதிலுமிருந்து தெரிவு செய்யப்படுகின்றனர்.

இரண்டாவது, தொழில்சார் சான்றிதழ்க் கற்கை. சுமார் ஓராண்டு. பெரும்பகுதி இணையவழியில் நடக்கும். ஒரு பகுதிக்கு நேரில் செல்ல வேண்டும். எனவே தொழிலை விடாமல் படிக்கலாம். உகண்டாவின் மக்கெரேரே பல்கலைக்கழகமும், துருக்கியின் இஸ்தான்புல் நகரிலுள்ள பாஹ்செசெஹிர் பல்கலைக்கழகமும் இதை நடத்துகின்றன.

கல்விக் கட்டணம், தங்குமிடமும் உணவும், போய்வரும் விமானச் செலவு, களப்பயிற்சிச் செலவு என்பவற்றைப் புலமைப்பரிசில் ஏற்கும். கணவர், பிள்ளைகள் உடன் செல்வதானால் அவர்களது செலவு இதில் அடங்காது.

முதுமாணிக்கான முக்கிய நிபந்தனைகள் இவை:

• இளமாணிப் பட்டம் பெற்றிருத்தல்.
• துறையோடு தொடர்புடைய முழுநேரத் தொழில் அனுபவம் குறைந்தது 3 வருடங்கள் (சான்றிதழ்க் கற்கைக்கு 5 வருடங்கள்).
• கடைசியாகப் பெற்ற பட்டத்துக்கும் இப்படிப்பின் தொடக்கத்துக்கும் இடையில் குறைந்தது 2 வருட இடைவெளி.
• ஆங்கிலத்தில் தேர்ச்சி.
• தாய்நாட்டுக்கு வெளியேயுள்ள நிலையத்தில் படித்தல்.
• விண்ணப்பதாரி ரோட்டரிக் கழக உறுப்பினராகவோ ஊழியராகவோ, அத்தகையோரின் வாழ்க்கைத் துணையாகவோ நேரடி வாரிசாகவோ இல்லாதிருத்தல். தந்தை கழக உறுப்பினர் என்றால் மகள் விண்ணப்பிக்க முடியாது. பாடசாலை இன்டரக்ட் கழகத்தில் நீங்கள் இருப்பது தடையல்ல.

விண்ணப்பம் வழமையாகப் பெப்ரவரியில் திறந்து மே 15 இல் மூடும். படிப்பு அதற்கடுத்த ஆண்டில்தான் தொடங்கும். பல்கலைக்கழகப் பட்டியலும் நிபந்தனைகளும் காலத்துக்குக் காலம் மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவித்தலை ரோட்டரியின் உத்தியோகபூர்வத் தளத்திலேயே வாசிக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. "இடம் எடுத்துத் தருகிறேன்" என்று யாரேனும் பணம் கேட்டால் அவரை நம்ப வேண்டாம்.

இதைத் தவிர, பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசிலின் மூலமும் ஓராண்டு முதுமாணியாக இத்துறையைத் தெரிவு செய்யலாம். அதற்கு 2,800 மணித்தியாலத் தொழில் அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடங்கள் தாய்நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட் திட்டமும் இலங்கையருக்குத் திறந்தே உள்ளது.

4. வருடங்களைக் கணக்கிடுவோம்

பட்டம் பெற்ற மறுநாள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது என்பதை மேலே பார்த்தோம். 19 வயதில் உயர்தரம் எழுதும் மாணவி, பல்கலைக்கழகம் நுழைந்து பட்டம் பெறும்போது 24 அல்லது 25 வயதாகிவிடும். மூன்று வருடத் தொழில் அனுபவம் சேர்ந்தால் 28. ஆக, இன்றைய மாணவிக்கு இடையில் ஏறத்தாழ ஒன்பது வருடங்கள் உண்டு. பயப்பட வேண்டிய இடைவெளி அல்ல இது. தெரிவுக் குழு பார்ப்பது இந்த ஒன்பது வருடங்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான்.

உயர்தரக் காலம்: சிங்களத்தைப் பேசவும் எழுதவும் பழகுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றும் தெரிந்த முஸ்லிம் பெண், இரு சமூகங்களின் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அமரக் கூடியவள். அது இத்துறையில் பெரிய மூலதனம். விவாதக் குழுவில் சேருங்கள். ஒரு தடவை உங்கள் கருத்துக்கு எதிரான பக்கத்தை எடுத்துப் பேசிப் பாருங்கள்.

பல்கலைக்கழகக் காலம்: பேராதனை, கொழும்பு, ஒலுவில், திறந்த பல்கலைக்கழகம் என எங்கு படித்தாலும் இறுதி ஆண்டு ஆய்வுக்குச் சொந்த மாவட்டத்தின் ஒரு பிணக்கைத் தெரிவு செய்யலாம். இஸட் புள்ளி குறைந்து உள்வாரி அனுமதி கிடைக்காத மாணவியும் மனந்தளர வேண்டாம். கேட்கப்படுவது பட்டம், அதை வெளிவாரியாகவும் பெறலாம்.

தொழிற் காலம்: 'தொடர்புடைய அனுபவம்' என்பது ஐக்கிய நாடுகள் சபையில் வேலை செய்வது மட்டுமல்ல. இரண்டாம் மொழி கற்பிக்கும் ஆசிரியை, பிரதேச செயலகத்தில் பெண்கள், சிறுவர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர், சமூக நிறுவனக் கள உத்தியோகத்தர், பத்திரிகையாளர், சட்ட உதவியாளர் ஆகியோரின் பணிகளில் சமாதானத்தோடு பிணைந்த பகுதிகள் இருக்கின்றன. அதை எடுத்துக் காட்டுவது உங்கள் பொறுப்பு.

நமது நாட்டின் மத்தியஸ்த சபைகளை இங்கே குறிப்பிட வேண்டும். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான இச்சபைகளில், காணி எல்லை, கடன், அயலவர் தகராறு போன்ற பிணக்குகளை ஊரின் மதிப்புக்குரியோர் இரு தரப்பையும் அமர்த்திப் பேசித் தீர்க்கின்றனர். மத்தியஸ்தர் தீர்ப்பளிப்பதில்லை, இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வர உதவுகிறார். உங்கள் உறவினர் அல்லது ஆசிரியர் யாரேனும் மத்தியஸ்தராக இருந்தால், அவர் எப்படிக் கேள்வி கேட்கிறார் என்று விசாரித்து அறியுங்கள். நூல்களில் வாசிப்பதை உயிரோடு காண்பீர்கள்.

5. கட்டுரை எழுதும் முறை

விண்ணப்பத்தின் இதயம் அதிலுள்ள கட்டுரைகள். 'ஏன் இத்துறை? என்ன செய்திருக்கிறீர்கள்? திரும்பி வந்து என்ன செய்வீர்கள்?' என்ற மூன்றையும் அவை சுற்றி வரும். மாதிரிக்கென அமைத்த இரண்டு பந்திகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது: "நான் சிறு வயதிலிருந்தே சமாதானத்தை நேசிப்பவள். உலகில் யுத்தங்கள் ஒழிய வேண்டும் என்பது எனது கனவு. பல இனங்கள் வாழும் அழகிய தீவில் பிறந்த நான் ஒற்றுமைக்காக அயராது உழைப்பேன்."

இரண்டாவது: "எமது ஊரில் தமிழ்மொழிப் பாடசாலையும் சிங்களமொழிப் பாடசாலையும் ஒரே வீதியில் உள்ளன. மூன்று வருடங்கள், மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டிலும் பயிலும் 9 ஆம் தர மாணவருக்கு ஒன்றாக மொழி வகுப்பு நடத்தினேன். முதல் வருடம் 14 பேர், மூன்றாம் வருடம் 41 பேர் வந்தனர். ஆனால் பதற்றமான ஒரு வாரத்தில் இரு தரப்புப் பெற்றோரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. பிள்ளைகளிடையே நட்பு இருந்தது; பெற்றோரிடையே நம்பிக்கை இருக்கவில்லை. பெற்றோரையும் உள்ளடக்கிய திட்டம் ஒன்றை எப்படி அமைப்பது, அதன் பலனை எப்படி அளப்பது என்பதைக் கற்கவே விண்ணப்பிக்கிறேன்."

முதலாவது பந்தியை யாரும் எழுதலாம். அதில் எழுதியவரின் முகம் இல்லை. இரண்டாவதில் இடம் இருக்கிறது, செயல் இருக்கிறது, எண் இருக்கிறது. முடியாமற் போனதைச் சொல்லும் நேர்மையும், அதிலிருந்து பிறந்த கேள்வியும் இருக்கின்றன. அந்தக் கேள்விதான் விண்ணப்பத்தைத் தாங்குகிறது. தெரிந்துகொள்ள எதுவுமில்லாதவருக்குப் பல்கலைக்கழகம் எதற்கு?

இன்னும் சில குறிப்புகள்:

• பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நமது காயத்தை மட்டும் எழுதி மற்றவரது காயத்தை விட்டுவிட்டால், வாசிப்பவர் 'இவரால் இரு பக்கமும் அமர முடியுமா?' என்று ஐயுறுவார்.
• ஒரே கட்டுரையை எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக எழுதாதீர்கள். உங்கள் கேள்விக்கு உப்சாலா பொருத்தமா, பிரட்போர்ட் பொருத்தமா என்பதைப் பாடத்திட்டத்தை வாசித்துக் காரணத்தோடு சொல்லுங்கள்.
• பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய பதவியில் இருப்பவரிடம் கேட்பதை விட, உங்கள் வேலையை நேரில் கண்டவரிடம் கேட்பது நல்லது. குறைந்தது ஒரு மாதம் முன்னதாகக் கேளுங்கள். உங்கள் சுயவிபரக் கோவையையும் கொடுங்கள்.
• ஐ.ஈ.எல்.டீ.எஸ். அல்லது டோஃபல் பெறுபேறு இரண்டு வருடங்களுக்கே செல்லுபடியாகும். மிக முன்கூட்டியே எழுதிப் பணத்தை வீணாக்க வேண்டாம். மிகத் தாமதிக்கவும் வேண்டாம்.
• பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பட்டச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒன்றில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர் பின்னர் தலைவலியாகும்.

6. பெற்றோருக்கு

பெற்றோரே, "பொம்பளப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதுக்கு?" என்ற கேள்வி உங்கள் மனதில் எழுவது இயல்பு. அதற்கு உலகம் தந்த பதில்கள் சிலவற்றைப் பாருங்கள்.

லைபீரியாவில் உள்நாட்டு யுத்தம் நடந்தபோது, லேமா போவீ என்ற தாய், கிறிஸ்தவப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒன்றுசேர்த்தார். 2003 இல் வெள்ளை உடையணிந்து தலைநகரின் மீன் சந்தைக்கருகே வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்த அப்பெண்கள், பேச்சுவார்த்தைக்குத் தலைவர்களைத் தள்ளினார்கள். அவ்வாண்டே உடன்படிக்கை வந்தது. போவீ பின்னர் அமெரிக்காவில் முரண்பாட்டு மாற்றம் என்ற துறையிலேயே முதுமாணிப் பட்டம் பெற்றார். 2011 இல் அவருக்கும், யெமன் நாட்டின் முஸ்லிம் பெண் தவக்குல் கர்மானுக்கும், லைபீரிய ஜனாதிபதி எலன் ஜோன்சன் சர்லீஃபுக்கும் நோபல் சமாதானப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அதற்கு முன், 2000 ஒக்டோபர் 31 இல், சமாதானப் பேச்சுகளில் பெண்கள் இடம்பெற வேண்டும் என்ற 1325 ஆம் இலக்கத் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றியிருந்தது. நமது நாட்டில் 2002 யுத்த நிறுத்தத்தின் பின் பேச்சுவார்த்தையோடு இணைந்து பெண்கள் விவகாரத்துக்கான உபகுழு அமைந்தபோது, அதில் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். பேச்சுகள் முறிந்ததால் அக்குழு நீடிக்கவில்லை.

திருமணம் தடைப்படுமோ என்பது அடுத்த கவலை. மேற்சொன்ன கணக்கின்படி விண்ணப்பிக்கும் வயது 28 அல்லது அதற்கும் மேல். திருமணமான பெண்களும் தாய்மாரும் விண்ணப்பிக்கலாம். சம்பந்தம் பேசும்போதே மகளின் கல்வி நோக்கத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது பின்னைய மனக்கசப்பைத் தவிர்க்கும். வெளிநாட்டில் நீண்ட காலம் தங்குவது குடும்பத்துக்கு ஏற்றதில்லை என்றால், வீட்டிலிருந்தே பெரும்பகுதியைப் படிக்கக் கூடிய சான்றிதழ்க் கற்கை உண்டு.

தொழில் கிடைக்குமா? மருத்துவத்தைப் போல நியமனம் காத்திருக்கும் துறையல்ல இது. அதை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் பல்கலைக்கழக விரிவுரை, மனித உரிமை நிறுவனங்கள், சர்வதேச அமைப்புகள், அரச நல்லிணக்கப் பணிகள், ஊடகம் ஆகியவற்றில் மும்மொழி அறிந்த பட்டதாரிக்கு இடமுண்டு. அதைவிட, ஊரில் பதற்றம் எழும்போது பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் விகாரையிலும் போய் நிதானமாகப் பேசத் தெரிந்தவர்கள் நம் சமூகத்தில் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையில் பெண்கள் எத்தனை பேர்?

7. பயிற்சி

மாணவிகள் ஒரு குறிப்புப் புத்தகத்தில் பின்வருவனவற்றை எழுதுக:

1. உங்கள் ஊரில் நீங்கள் அறிந்த ஒரு பிணக்கைத் தெரிவு செய்க (காணி, நீர், குப்பை, ஒலிபெருக்கி, விளையாட்டு மைதானம் போன்றவை). அதில் தொடர்புடைய தரப்புகள் யாவை?
2. ஒவ்வொரு தரப்பின் நிலைப்பாட்டையும் ஒரு வசனத்தில் எழுதுக. பின்னர் அந்நிலைப்பாட்டின் அடியிலுள்ள தேவையை எழுதுக.
3. எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஒருவர் இப்பிணக்கை எப்படிச் சொல்வார் என்பதை அவரது வாயால் பேசுவது போல ஒரு பந்தி எழுதுக. அவர் அதை வாசித்தால் "ஆம், இதுதான் என் கருத்து" என்று ஏற்க வேண்டும்.
4. இப்பிணக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியாத மூன்று விடயங்களை எழுதி, அவற்றை யாரிடம் கேட்டறியலாம் என்று குறிக்க.
5. மேலுள்ளவற்றைக் கொண்டு 200 சொற்களில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி ஆங்கில ஆசிரியையிடம் காட்டுக.

மூன்றாவது வினாதான் கடினமானது. அதில் இரண்டு மூன்று தடவை தடுமாறுவீர்கள், மீண்டும் எழுதுங்கள். பெற்றோரும் மகளோடு அமர்ந்து அந்த வினாவை ஒருமுறை செய்து பார்க்கலாம். வருடத்துக்கு ஒரு பிணக்கு என இப்புத்தகத்தை நிரப்பி வரும் மாணவிக்கு, ஒன்பது வருடங்களின் பின் அந்த விண்ணப்பப் படிவத்தின் முன் அமரும்போது எழுதுவதற்கு விடயம் தேடி அலைய வேண்டியிராது.